ஐஸ் வாளி கொண்டுவந்த அக்காவுக்கு நன்றி

ஜார்ஜ்டவுன் கிறிஸ்துமஸ் வைன் சுவைப்பில் எங்கள் மேசைக்கு ஐஸ் வாளி தூக்கி வந்த அக்கா, பெயர் கேட்க மறந்துவிட்டோம், ரொம்ப நன்றி. சிவப்பு வைனை 'அறை வெப்பத்தில்' ஊற்றும் பழக்கம் பினாங்கின் 30 டிகிரிக்கு ஒத்துவராது, ஆல்கஹால் நெடிதான் முந்திக்கொண்டு வரும். வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பாட்டில் சரியான பதத்துக்கு வந்தது. வெறும் ஐஸ் என்றால் இடையில் காற்று நின்று இன்னும் நேரமாகும். மென்மையான பிரீ சீஸையும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த 20 நிமிடத்திலேயே வெட்டச் சொன்னீர்கள், வழிந்தோடவில்லை. ஜவ்வரிசியில் பனைவெல்லப் பாகு ஊற்றிய சாகோ குலா மெலாகாவுக்குச் சிவப்பு வைனை ஊற்றப்போன கையைத் தடுத்து, இனிப்பான போர்ட் வைனை நீட்டினீர்களே! வைனைவிடப் பலகாரத்தின் இனிப்பு தூக்கலானால் வைன் நாக்கில் புளிக்கும். நீலச் சீஸுக்கும் அதே போர்ட்தான். வாளி எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, அக்கா.