சேலை பிடித்து நின்ற அக்காமாருக்கு

அன்பான அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

2009இல் நான் வவுனியா மெனிக் பாம் முகாமுக்கு வந்தபோது கையில் ஒரு உடுப்புப் பை, இடுப்பில் இரண்டு வயது மகன். போரால் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனம் மூன்று லட்சத்துக்குக் கிட்ட முகாம்களில் இருந்த காலம். பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்று ஒரு வாளி பிடித்துவிட்டேன். குளிக்கத்தான் மறைப்பில்லை. பக்கத்துக் கூடாரத்து அக்காமார் நாலு பேர் சேலையைச் சுற்றிவரப் பிடித்து, முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்கள். "ஆறுதலாக் குளி பிள்ளை" என்றார் ஒருவர். மகனைத் தேடி அலைந்துகொண்டிருந்தவர் அவர். இரவில் மலசலகூடத்துக்கு ஒருத்தியும் தனியே போகக்கூடாதென்று முறை வைத்ததும் அவர்கள்தான்.

பிறகு முல்லைத்தீவில் மீள்குடியேறினோம். கணவர் இல்லாத வீடு, கதவும் இல்லை. எங்கள் மாதர் சங்கம் முதலில் போட்டுத் தந்தது தாழ்ப்பாளோடு ஒரு கதவு. தையல் மெஷின், கடன் எல்லாம் அதற்கு அப்புறம்தான். அந்த ஒழுங்குக்கே தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

2016இல் அரசு அமைத்த குழு ஒன்று நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி, அதாவது போரில் நடந்ததற்கு உண்மையும் நீதியும் இழப்பீடும் தேடும் வழிகள் பற்றி, மக்களிடம் கருத்துக் கேட்டது. நான் போவதாக இல்லை. எங்கள் கதையை எழுதிக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். சங்கத் தங்கச்சி ஒருத்திதான் ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்தாள். பெண்களைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, சமாதானப் பேச்சிலும் அவர்களுக்கு இடம் வேண்டுமென்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 2000ஆம் ஆண்டே 1325ஆம் தீர்மானத்தில் சொல்லியிருப்பதாக வழியெல்லாம் விளக்கினாள்.

அங்கே என் கருத்தை எழுதிய பெண், நான் அழுதபோது பேனையை வைத்துவிட்டுக் காத்திருந்தார். முடிவில் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினார். இழப்பீடு முதலில் இருந்தது. "இல்லை, என்ரை மனுசனுக்கு என்ன நடந்ததென்று முதலில் போடுங்கோ" என்றேன். வெட்டிவிட்டு மேலே எழுதினார். அப்படிச் சேர்ந்த 7,306 கருத்துகளில் என்னுடையதும் ஒன்று. 2017 ஜனவரியில் அறிக்கை கையளிக்கப்பட்டது. அதில் கேட்டவை பல இன்னும் நடக்கவில்லை. அந்தக் கோபம் எனக்குள் இருக்கிறது. ஆனாலும் என்னைப் பேச வைத்தவர்களுக்கு நான் பட்ட கடன் வேறு.

பச்சைக் கரைச் சேலை அக்கா, நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்களோ தெரியாது. இதை வாசித்தால் ஒருக்கா வீட்டுக்கு வாங்கோ. கிணறு கட்டியிருக்கிறோம். சுற்றிவர மறைப்பும் இருக்கு.

உங்கள் பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளை