வெக்கை முதலா, அசுரன் முதலா: மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா வீட்டில் அன்றைக்கு நீங்கள் பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்து போனதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அத்தையிடம் போனில் கேட்டேன். "அவருக்கு என்ன, பஸ் ஏறும்போதே மறந்திருப்பார்" என்றார்கள். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நானும் மறக்கவில்லை. நேரில் பேசினால் இரண்டு பேரும் குரலை உயர்த்துவோம் என்பதால் எழுதுகிறேன்.

பூமணியின் 'வெக்கை' நாவலை இயக்குநர் வெற்றிமாறன் 'அசுரன்' படமாக்கியபோது அதைக் கொன்றுவிட்டார் என்பது உங்கள் கட்சி. "செலம்பரம்தான் கதை, மருமகனே. படத்துல அவன் அப்பன் பின்னால ஓடுற பையன்." இதில் பாதிக்கு மேல் உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன். நாவலில் பதினைந்து வயதுப் பையன் செலம்பரம், நிலக்காரன் வடக்கூரானின் கையை வெட்டத்தான் நினைத்துப் போகிறான். ஆள் செத்துப்போகிறான். கதை தொடங்குவதே அங்கேதான். அதற்கப்புறம் அப்பனும் மகனும் எட்டு நாள் ஒளிந்து திரிகிறார்கள். கிடைத்ததைப் பொங்கித் தின்கிறார்கள், கிடைத்த இடத்தில் படுக்கிறார்கள், பழசைப் பேசுகிறார்கள். கொலை செய்துவிட்டு ஓடுகிற கதையில் சோறும் தண்ணீரும் மரநிழலும் இவ்வளவு இடம் பிடித்துக்கொள்வது வேறு எந்த நாவலிலும் நான் பார்க்காதது. படத்தில் இந்த நிதானத்துக்கு இடமே இல்லை. கதை அப்பன் சிவசாமியின் தோளுக்கு மாறிவிடுகிறது. படத்தின் நடுவில் வரும் அவருடைய முன்கதை நாவலில் அந்த அளவில் கிடையாது.

ஆனால் அந்த முன்கதையைத்தான் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பூமணி 1982இல் நாவலைக் கொண்டுவந்தபோது எந்தச் சாதியின் பெயரையும் எழுதவில்லை. கரிசல்காட்டுக்காரரான உங்களுக்கு அது எழுதாமலே புரிந்தது. 2019இல் தியேட்டரில் உட்கார்ந்திருந்த என் ஆபீஸ் நண்பனுக்குப் புரிந்திருக்காது. செருப்புப் போட்டு நடப்பதையும் ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. குடிசைகள் எரிகிற காட்சியில் 1968 டிசம்பரின் கீழவெண்மணி நினைவுக்கு வராமல் இருக்குமா? அது நாவலில் இல்லைதான். இருந்தாலும் படத்தில் எனக்கு மூச்சு நின்ற இடம் அது.

சரி, இதை அன்றைக்கே சொல்லிவிட்டேன். நீங்களும் பதில் சொல்லிவிட்டீர்கள். இப்போது வேறு ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு உலகத்திலேயே பிடித்த படம் எது?

'உதிரிப்பூக்கள்'. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வீர்கள். அதன் மூலம் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'. போன மாதம்தான் அதை மறுபடி எடுத்தேன். சுந்தரவடிவேலு என்ற பெயர் இருக்கிறது, இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள், இரண்டாம் தாரம் இருக்கிறாள். அவ்வளவுதான். கதையில் அவர் மனைவியை இழந்த பேராசிரியர். படத்தில் இயக்குநர் மகேந்திரனின் சுந்தரவடிவேலு ஊரையே உள்ளங்கையில் வைத்திருக்கும் குரூரமான ஆள், பெண்டாட்டி உயிரோடு இருக்கும்போதே மச்சினியின் மேல் கண் வைப்பவன். ஊர் திரண்டு அவனை ஆற்றில் இறங்கச் சொல்வதும், உங்களையும் என்னைப்போல ஆக்கிவிட்டேனே என்று அவன் சொல்லிவிட்டுப் போவதும் புதுமைப்பித்தன் கனவிலும் எழுதாதவை. வெற்றிமாறன் எடுத்த சுதந்திரத்தைவிட இது பெரிசு. மகேந்திரனின் 'முள்ளும் மலரு'மும் அப்படித்தான். உமா சந்திரனின் நாவலில் நாயகன் காளியின் கையைப் புலி எடுத்தது, படத்தில் லாரி எடுத்தது. லாரியைக் குறை சொல்லி நீங்கள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

ஏன் என்று யோசித்தேன். 1979இல் நீங்கள் 'உதிரிப்பூக்க'ளைக் கோவில்பட்டியில் பார்த்தீர்கள். 'சிற்றன்னை'யைப் படித்தது அதற்குப் பல வருஷம் கழித்து. 'வெக்கை'யைப் படித்ததோ படம் வருவதற்கு முப்பது வருஷம் முன்னால். எது முதலில் வந்து உட்கார்ந்ததோ அது உங்களுக்கு அசல், பின்னால் வந்தது நகல். நாவலுக்கு நேர்மையாக இருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வது பூமணிக்காகவா, இல்லை உங்கள் மனசில் முப்பது வருஷமாக ஓடிக்கொண்டிருந்த படத்துக்காகவா?

கோபப்படாதீர்கள். தாத்தாவும் இதே ஆள்தான். கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பா'ளை ஆனந்த விகடனில் வாராவாரம் படித்து, ஓவியர் கோபுலுவின் படங்களோடு கிழித்தெடுத்து பைண்டு போட்டு வைத்தவர். 1968இல் படம் பார்த்துவிட்டு வந்து "கதையில பாதியைக் காணோமே" என்றாராம். அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். நீங்கள் சின்னப் பையனாக அந்தப் படத்தைப் பார்த்தவர். உங்களுக்கு அந்த பைண்டிங்கைப் பிரித்தாலே சிவாஜிதான் நாயனத்தைத் தூக்குவார். தாத்தாவுக்குக் கோபுலுவின் கோடுகளில் இருந்த நாயனக்காரர் சண்முகசுந்தரத்தை விட்டு வர முடியவில்லை. இதில் யார் பக்கம் நியாயம் என்று சொல்லுங்கள்.

நானும் யோக்கியன் இல்லை. 'மோகமுள்' என்று யாராவது சொன்னால் எனக்கு உடம்பு விறைத்துக்கொள்ளும். கல்லூரிக் கடைசி வருஷம் தி. ஜானகிராமனைப் படித்துவிட்டு ஒரு மாதம் கும்பகோணத்திலேயே வாழ்ந்தேன், அந்த ஊரைப் பார்த்ததுகூட இல்லை. 1995இல் வந்த ஞான ராஜசேகரனின் படத்தை அதற்கப்புறம்தான் பார்த்தேன். மோசமான படமா? சத்தியமாக இல்லை. சங்கீத குரு ரங்கண்ணாவாக நெடுமுடி வேணு அப்படியே பொருந்தியிருந்தார். இளையராஜாவின் இசையில் யேசுதாஸ் பாடியவை இன்றைக்கும் என் போனில் இருக்கின்றன. அப்படியும் நாற்பது நிமிஷத்தில் அணைத்துவிட்டேன். முழுசாகப் பார்த்தது ஐந்து வருஷம் கழித்து.

நாவலில் மராட்டியப் பாடகர்கள் வந்து பாடுவதைக் கேட்டு நாயகன் பாபு ஆடிப்போகிற இடம் ஒன்று உண்டு. என்ன குரல், என்ன சாரீரம் என்று ஜானகிராமன் எழுதிக்கொண்டே போவார். எனக்கு ஒரு ராகம்கூட அடையாளம் தெரியாது, ஆனால் அந்தக் குரலைக் கேட்டேன். காகிதத்தில் இருக்கிற குரலில் பிசிறு விழுவதே இல்லை. சினிமாவில் யாராவது ஒருவர் நிஜமாகவே பாடியாக வேண்டும். எவ்வளவு பெரிய பாடகரானாலும் நான் கேட்ட அந்தக் குரலை எட்டியிருக்க முடியாது. பாபு மோகம் கொள்கிற யமுனாவும் அதே கதைதான். பாபு அவளைப் பார்க்கிற பார்வையைத்தான் ஜானகிராமன் நமக்குத் தருகிறார். கேமராவுக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றதும், அழகான பெண்தான், எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. அந்த இயக்குநர் என்ன செய்திருந்தாலும் நான் திட்டியிருப்பேன். அன்றைக்கு உங்களிடம் இதைச் சொல்லியிருந்தால் காபியாவது ஆறாமல் இருந்திருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு முழுசாக உடன்படுகிறேன். எழுத்தாளரே திரைக்கதை எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று அன்றைக்குத் தம்பி சொன்னதை நீங்கள் கையைத் தட்டி மறுத்தீர்களே, அது சரி. 'சில நேரங்களில் சில மனிதர்க'ளுக்கு ஜெயகாந்தனே எழுதினார், பீம்சிங் இயக்கினார், லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. எனக்கு அந்தப் படத்தில் ஜெயகாந்தனின் எழுத்தைவிட லட்சுமிதான் தெரிகிறார். அவர் பேசாமல் இருக்கும்போது இன்னும் நன்றாகத் தெரிகிறார்.

உங்கள் பேத்தி சமாச்சாரம் ஒன்று. மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகத்தையும் பார்த்துவிட்டு அப்புறம்தான் கல்கியைக் கையில் எடுத்தாள். வந்தியத்தேவன் வரும்போதெல்லாம் கார்த்திதான் குதிரையில் போகிறாராம். நந்தினி என்றால் ஐஸ்வர்யா ராய். ஓவியர் மணியத்தின் படங்களைக் காட்டினேன், "யாருப்பா இது?" என்றாள். நான்காம் பாகத்துக்கு வந்ததும் மணிமேகலையிடம் மாட்டிக்கொண்டாள். படத்தில் அவளே கிடையாதே. "இவங்க நிஜமா, இல்ல கல்கி புதுசா சேர்த்துட்டாரா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மணிமேகலைக்கு யார் முகத்தை வைத்திருக்கிறாய் என்றேன். எதிர்வீட்டு அக்காவாம்.

இன்னும் ஐந்தாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்துக்கு வரவில்லை. பொங்கலுக்கு வரும்போது வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள் மாமா. தாத்தாவின் பைண்டிங்கையும் எடுத்து வாருங்கள். காபி நானே போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்