ஊசி போடட்டுமா என்று கேட்டாயே

காரைக்குடி
ஐப்பசி 12

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் நேற்று வந்தது. கோலாலம்பூரில் தோள் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று, கூடவே பி.ஆர்.பி. ஊசி போட்டால் சீக்கிரம் ஆறுமாம், போடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். படித்ததும் மனசு கேட்கவில்லை, உடனே உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் அதே வலது தோள்தானே. மாசியில் டெண்டனை, அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் நாரை, எலும்போடு இழுத்துத் தைத்தார்கள். ஆறு வாரம் ஸ்லிங். ஒற்றைக் கையால் வேட்டி கட்டப் பழகிவிட்டேன்.

போன வாரம் வளவில் உடைந்த தரைக்கல்லை மாற்றலாம் என்று ஆத்தங்குடி போனேன். அங்கே கல் செய்பவர் கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றினார். அதன்மேல் காய்ந்த சிமெண்ட்டும் மணலும் தூவினார், அதற்கும் மேல் ஈரக் கலவை. அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டார். பார்த்துக்கொண்டே நின்றபோது என் தோள்தான் நினைவுக்கு வந்தது. டெண்டன் எலும்பில் சேரும் இடமும் அடுக்கடுக்கானதுதான்: டெண்டன், நார்க்குருத்தெலும்பு, சுண்ணாம்பேறிய குருத்தெலும்பு, எலும்பு. மெத்தென்றிருப்பது படிப்படியாகக் கெட்டிப்படுகிறது, அதனால்தான் இழுவை தாங்குகிறது. தைத்தபின் அந்த நாலு அடுக்கு திரும்ப வருவதில்லை. தழும்புதான் ஒட்டுகிறது, அது அவ்வளவு பலமில்லை. பெரிய கிழிசலைத் தைத்த பலருக்கு மறுபடி பிரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, பி.ஆர்.பி.க்கு வருகிறேன். உன் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் நுண்துகள்) செறிந்த பகுதியை மட்டும் தையல் போட்ட இடத்தில் விடுவார்கள். காயத்தை ஆற்றும் புரதங்கள் அதில் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிட்டனில் குதிகால் டெண்டன் அறுந்து, ஆபரேஷன் இல்லாமல் கட்டுப் போட்டிருந்த 230 பேரில் பாதிப் பேருக்கு இதையும் மீதிப் பேருக்கு வெறும் ஊசியையும் போட்டுப் பார்த்தார்கள். 2019இல் முடிவு வந்தது: வித்தியாசம் இல்லை. தோளில் சில ஆய்வுகள் நல்லபடியாகச் சொல்கின்றன, சில சொல்வதில்லை. ஆளுக்கு ஆள் தயாரிப்பே வேறுபடுகிறது.

எலும்பு மஜ்ஜை விஷயம்தான் என்னை யோசிக்க வைத்தது. பிரான்சில் எர்னிகு குழுவினர் தோளைத் தைத்த 45 பேருக்கு இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்லை, அதாவது வேறு திசுவாக வளரக்கூடிய மூல செல்லை, செறிவாக்கிச் சேர்த்தார்கள். பத்து வருஷம் கழித்து 87 சதவீதம் பேருக்குத் தையல் நின்றது, சேர்க்காதவர்களில் 44 சதவீதம்தான். ஆனால் அது குலுக்கிப் போட்டுப் பிரித்த ஆய்வு அல்ல, ஒத்த நோயாளிகளோடு ஒப்பிட்டது. அதனால் ஒரு படி குறைத்தே நம்புகிறேன். என் டாக்டர் செலவில்லாத ஒன்றைச் செய்தார்: தைக்குமுன் எலும்பில் சின்னச் சின்னத் துளை போட்டு மஜ்ஜையைக் கசிய விட்டார். உன் டாக்டரிடமும் இதைக் கேள்.

ஊசிக்குக் கொடுக்கும் பணத்தைப் பிசியோதெரபிக்கு வைத்துக்கொள் என்பேன். அதற்கு முன்னால் சிகரெட்டை விடு, இன்றைக்கே விடு. டெண்டனுக்கு ரத்த ஓட்டமே கம்மி, புகை அதையும் குறைக்கும். சர்க்கரையையும் பார்த்துக்கொள், உன் அப்பச்சிக்கு இருந்ததே. ஸ்லிங்கைச் சொன்ன நாளுக்கு முன் கழற்றாதே, நீ கழற்றுகிற ஆள்.

எந்த டெண்டன், கிழிசல் எத்தனை சென்டிமீட்டர் என்று எழுது. ஸ்கேன் படமும் அனுப்பு.

உன் பெஞ்சுத் தோழன்