கண்ணுக்குள் ரோபோ எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கண் அறுவை சிகிச்சைக்கு ரோபோ வந்துவிட்டது என்று எழுதுவோரில் பலர், மருத்துவர் ஒதுங்கி நிற்க இயந்திரமே எல்லாவற்றையும் செய்து முடிப்பதுபோல் எழுதிவிடுகிறார்கள். விழித்திரைமேல் படர்ந்த சவ்வை உரித்தெடுக்கும் சிகிச்சையைச் சென்ற ஆண்டு செய்துகொண்டவன் என்ற முறையில் இதுபற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். மரத்துப்போக ஊசி போட்டு முகத்தைத் துணியால் மூடிய பிறகு, மருத்துவரின் கை என் நெற்றியில் ஊன்றியிருந்ததும், "இருமல் வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் ஐயா" என்று அவர் இருமுறை சொன்னதும் இன்னும் நினைவில் இருக்கின்றன.

2016இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் உள்ள ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையில் பேராசிரியர் ராபர்ட் மெக்லாரன், மனிதக் கண்ணுக்குள் முதன்முதலாக ரோபோ துணையுடன் அறுவை சிகிச்சை செய்தார். நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து உருவான கருவி அது. மருத்துவர் நுண்ணோக்கி வழியே பார்த்தபடி ஜாய்ஸ்டிக்கை நகர்த்த, அந்த அசைவைக் கருவி பல மடங்கு குறுக்கி, யாருக்கும் இயல்பாக உள்ள கைநடுக்கத்தையும் நீக்கி, கண்ணுக்குள் இருக்கும் முனைக்குக் கொண்டுசேர்க்கிறது. எங்கே தொடுவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் மருத்துவர் கையில்தான்.

மெக்லாரன் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், சவ்வு உரிக்க வேண்டிய 12 பேரில் சிலருக்கு ரோபோவாலும் மற்றவர்களுக்குக் கையாலும் சிகிச்சை நடந்தது. பலன் இரண்டிலும் ஒன்றே. உரிப்பதற்கு ஆன நேரமோ, நடுமதிப்பாகக் கையால் 1 நிமிடம் 20 வினாடி, ரோபோவால் 4 நிமிடம் 55 வினாடி. (என் நெற்றியில் ஊன்றிய அந்தக் கையின்மேல் எனக்கு மதிப்பு கூடியது இதைப் படித்தபோதுதான்.)

அப்படியானால் ரோபோ வீணா என்றால், இல்லை. விழித்திரைக்கு அடியில் மருந்து செலுத்தும்போது, அது மெதுவாக இறங்கும்வரை ஊசிமுனை இம்மியும் அசையக் கூடாது. அசைந்தால் துளை பெரிதாகி மருந்து கசிந்துவிடும். அங்கே வேண்டியது வேகமன்று, அசையாமை. அதே ஆய்வில் மூன்று பேருக்கு, விழித்திரைக்கு அடியில் தேங்கிய இரத்தத்தை விலக்கும் மருந்தை ரோபோ துணையுடன் செலுத்தியிருக்கிறார்கள். அமெரிக்கா 2017 டிசம்பரில் அனுமதித்த லக்ஸ்டர்னா என்னும் மரபணு மருந்தும் விழித்திரைக்கு அடியில்தான் செலுத்தப்படுகிறது. இவ்வகை மருந்துகள் பெருகப் பெருக ரோபோவின் தேவையும் கூடும் என்றே நினைக்கிறேன்.

ஆகவே, இத்தகைய செய்திகளில் எந்தச் சிகிச்சைக்கு ரோபோ என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். சவ்வு உரிக்க நாள் குறித்த பின்பு, "ரோபோ வரட்டும்" என்று தள்ளிப்போட்டவர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், தஞ்சாவூர்