டவுன்ஸ்வில் தூண்டில்காரனுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

அவுஸ்திரேலியாவிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. பேரப்பிள்ளைகள், முழங்கால் நோவு, மரக்கறி விலை என்று எழுதுகிற ஆள் இந்தமுறை நாலு பக்கமும் கடலைப் பற்றியே எழுதியிருக்கிறாய், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு. உங்கள் கடற்பூங்கா வரைபடத்தில் பச்சை அடித்த இடத்தில் தூண்டில் போடக்கூடாது; மஞ்சள் அடித்த இடத்தில் ஆளுக்கு ஒரு தூண்டில், அதில் ஒரு முள்ளுத்தான்; நவம்பர் முதலாம் திகதியிலிருந்து பெப்ரவரி முதலாம் திகதி மட்டும் கொடுவா மீனைத் தொடவே கூடாது. "இழுவைமடி போட்டு வாரினவன் ஒருத்தன், தண்டம் கட்டுறவன் நானா?" என்று கேட்கிறாய். கேள்வி சரிதான். ஆனால் ஆறுதல் சொல்ல நீ பிடித்த ஆள் சரியில்லை.

பழைய பாலத்தில் பின்னேரம் கூடுகிற நம்மட கூட்டத்துக்கு உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். (2013இல் புதுப்பாலம் திறந்த பிறகு பழைய பாலத்தில் லொறியும் பஸ்ஸும் இல்லை. தூண்டில்காரனுக்கு அரசாங்கம் செய்த ஒரே உபகாரம் அதுதான் என்பது இங்கே நிரந்தரப் பகிடி.) பாதிப்பேர் உன் கட்சி. "ஒரு முள்ளு, ஒரு இறால், பொழுதுபடும்வரை ஒரு இருப்பு. இதாலயா வாவி வத்திப்போகும்? முதலில தங்கூசி வலைய நிப்பாட்டச் சொல்லு" என்றார்கள். ஒற்றை நைலோன் இழையில் பின்னின அந்த வலைக்கு 2006இலேயே தடை போட்டாயிற்று. தடை கடதாசியில் கிடக்கிறது, வலை தண்ணீரில் கிடக்கிறது. டைனமைட்டும் அப்படித்தான்.

நாவலடிப் பக்கம் வள்ளம் வைத்திருக்கிற ஒருவர், எங்களிடம் எப்போதாவது உயிர் இறால் விற்க வருவார், ஒரு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் கதைத்து முடிந்த பிறகு, "கடல மூடினா நீங்க வீட்ட போய்ப் படுப்பீங்க. நாங்க எங்க போற?" என்றார். அதற்குப் பிறகு கொஞ்சநேரம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அவர் பயப்படுவது காயன்கேணியை நினைத்து. பாசிக்குடாவுக்கு வடக்கே, வாகரைப் பக்கம் போகும்போது வருமே, அந்தப் பவளப்பாறையை 2019இல் கடல்சார் சரணாலயமாக அறிவித்தார்கள். பாறை பெறுமதியானது, காப்பாற்ற வேண்டியது, அதில் எனக்கு இரண்டாம் கருத்துக் கிடையாது. ஆனால் கரையில் இருக்கிறவனுக்குக் கடலில் ஒரு கோடு கீறினால் வேறு ஞாபகம் வரும். யுத்த காலத்தில் இரவுத்தொழிலுக்குத் தடை, பாஸ் இல்லாமல் இறங்கத் தடை, எஞ்சினின் குதிரைவலுவுக்குக்கூட எல்லை. யார் கீறினார்கள், ஏன் கீறினார்கள் என்று கேட்க முடியாத கோடுகள். இப்போது காற்சட்டையின் நிறம் மாறி, கையில் பவளத்தின் படம் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தாலும் அவனுக்கு அது பழைய ஆள்தான். திருகோணமலைப் புறாத்தீவையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். 2003இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். மீன்காரன் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், ஆனால் டிக்கெட் எடுத்து வருகிறவர்கள் பவளத்தின்மேல் ஏறி நிற்கிறார்கள். இதைக் கண்டவனிடம் போய் "கடலைக் காப்போம்" என்று சொல்லிப் பார்.

அங்கே உனக்கு நடந்ததையும் யோசித்தேன். 2004 யூலையில் உங்கள் கரையோரப் பவளப்பாறைப் பூங்காவான பெருந்தடுப்புப் பாறைத்தொடரின் வரைபடத்தை மாற்றி, முன்பு 5 வீதம்கூட இல்லாத பச்சைப் பகுதியை 33 வீதமாக்கினார்கள். அந்த ஆண்டின் கடைசியில் கடல் எங்களுக்குச் செய்ததை நீ அறிவாய், அதனால் உங்கள் வரைபடச் சண்டை அப்போது என் காதில் விழவே இல்லை. பிறகு வாசித்தபோது பொறாமையாகத்தான் இருந்தது. வரைபை வெளியே வைத்துக் கருத்துக் கேட்டார்கள், ஆயிரக்கணக்கில் எழுதிப் போட்டார்கள், தொழில் இழந்தவனுக்குக் காசு கொடுத்தார்கள். அந்தப் பூங்காவின் தலைமையகமே உன் ஊரில் இருக்கிறது, கோபம் வந்தால் காரை எடுத்துக்கொண்டு போய்ச் சத்தம் போட்டுவிட்டு வரலாம். எங்கட ஆள் எங்கே போய்ச் சத்தம் போடுவது?

இனி கொடுவா விஷயம். இதில்தான் உன்னோடு ஒத்துப்போக முடியவில்லை.

போன மாரியில் மழை அடித்து வாவி முட்டி, முகத்துவாரம் உடைத்துக்கொண்ட நேரம். பாலமீன்மடுப் பக்கம் ஒரு பெடியன், நல்ல பிள்ளை, புது ரீல், ரப்பர் மீன். இழுத்துப் போட்டது அவன் இடுப்பளவு கொடுவா. கண் இரண்டும் ரோர்ச் வெளிச்சத்தில் சிவப்புத் தணல். செவிளுக்குள் கைவிட்டுத் தூக்கிப் படத்துக்கு நின்றான். வயிறு தொங்கி, அவன் ஜீன்ஸில் சினை ஒழுகியது. மஞ்சளாக, ரவையைக் கரைத்து ஊற்றினது போல. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் முதலில் மீனைத்தான் பார்த்தேன், பிறகுதான் ஜீன்ஸைப் பார்த்தேன்.

கொடுவா கடுவனாக வளர்ந்து, வயது போன பிறகு பெட்டையாக மாறுகிற சாதி. சின்னதெல்லாம் ஆண், பெரிசெல்லாம் தாய். ஒரு பெரிய தாய்க்குள் முட்டை கோடிக்கணக்கில் இருக்கும். முட்டைக்கு உப்புத்தண்ணி வேண்டும், அதனால் முகத்துவாரத்துக்கு இறங்கும். நாம் எங்கே நிற்கிறோம்? அதே முகத்துவாரத்தில், அதே நேரத்தில், பெரிசுக்கென்றே இரை போட்டுக்கொண்டு. உங்கள் குயின்ஸ்லாந்தில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததையும் 120க்குக் கூடினதையும் விடச் சொல்லுகிறார்களே, அந்த மேலெல்லை ஏன் என்று நீ எழுதவே இல்லை. கலவாய் இதற்கு மறுதலை. பெட்டையாகத் தொடங்கிக் கடுவனாகும். அதிலும் பெரிசாகவே தேடிப் பிடித்தால் கடுவன் குறைந்துபோகும். தொழில்காரனின் வலை எல்லாவற்றையும் வாருகிறது, ஒத்துக்கொள்கிறேன். படம் எடுக்கிறவனின் தூண்டில் மட்டும் பொறுக்கி எடுக்கிறது, அதுவும் எதை எடுக்கக்கூடாதோ அதை.

"மூடி என்ன பிரயோசனம், உள்ளே இருக்கிற மீன் உள்ளேயே கிடக்கும்" என்று எழுதியிருந்தாய். உனக்குத் தெற்கே கெப்பல் தீவுகளில் மரபணு பார்த்துச் செய்து, 2012இல் வெளியிட்ட ஆய்வைத் தேடி வாசி. அங்கே மூடிய பாறை 28 வீதம்தான். ஆனால் அந்த வட்டாரத்தில் வந்து ஒதுங்கிய இரண்டு வகை மீன்களின் குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி, மூடிய பாறையில் இருந்த பெற்றோருக்குப் பிறந்தவை. திறந்த பகுதியில் நீ பிடித்த மீனுக்கும் பச்சைக்குள் ஒரு தாய் இருந்திருக்கலாம்.

இங்கேயும் யாரும் அறிவிக்காமல் மூடிக் கிடக்கிற இடம் ஒன்று உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பான்காரன் தாழ்த்திய ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல். ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது, வலை விட்டால் இரும்பில் மாட்டிக் கிழியும். சுழியோடிகள் அங்கே கண்ட மீனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் விடியும்.

ஆகவே என் கட்சி இது: எங்காவது மூடத்தான் வேண்டுமென்றால், மாரியில் முகத்துவாரத்தைக் கொஞ்சக் காலம் மூடு. முதலில் எழும்ப வேண்டியது நாங்கள், பென்சன் எடுத்துக்கொண்டு தூண்டில் போடுகிறவர்கள். அடுப்பு அதை நம்பியா எரிகிறது? பிறகு நாவலடியாரையும் மற்ற வள்ளக்காரரையும் இருத்தி, எந்த மாதம், எந்த இடம் என்று அவர்களையே கோடு கீறச் சொல். சினை எங்கே இறங்குகிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த அதிகாரிக்கும் தெரியாது. பாலத்தில் இதைச் சொன்னபோது இரண்டுபேர் என்னோடு கோபித்துக்கொண்டு அங்காலப் பக்கம் போய் இருந்தார்கள். ஒருவர் திரும்பி வந்துவிட்டார், இறால் முடிந்துபோனதாம்.

ஆடியில் வருவதாக எழுதியிருக்கிறாய். வரும்போது வட்ட முள்ளு இரண்டு பெட்டி கொண்டுவா. இங்கே நாங்கள் போடுகிற நேர் முள்ளை மீன் குடல்வரை விழுங்கிவிடுகிறது, விட நினைத்தாலும் பிழைக்காது. உன் படகில் ஒட்டியிருக்கிற அந்த அளவுகோல் ஸ்ரிக்கரிலும் நாலைந்து எடுத்து வா, பாலத்துக் கைப்பிடியில் ஒட்டுவோம். மனிசி, செல்வன் மீனில் பாலாணம் வைத்துத் தருவதாகச் சொல்லுகிறா, கொடுவா கேட்காதே. அனுப்பின தேயிலை கிடைத்ததா என்றும் கேட்கச் சொன்னா.

பதில் போடு, கோபம் என்றாலும் போடு.

உன் கூட்டாளி