காரணம் கேட்டவர்களுக்கு நன்றி

வணக்கம்.

என் மகனுக்கு ஆட்டிசம் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அவனுக்குத் துணை நின்றவர்கள் யார் என்பதும் தெரியட்டும் என்றுதான் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் பிஹேவியர் அனலிஸ்ட் மேடத்துக்கு. பிள்ளை ஏன் இப்படி நடந்துகொள்கிறான் என்று காரணம் தேடி, அதற்கேற்ற வழி சொல்பவர் அவர். அப்போதெல்லாம் அவன் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வான், தோல் கன்றிப்போய்க் கிடக்கும். பிடிவாதம் என்றார்கள், செல்லம் கொடுத்துக் கெட்டது என்றார்கள், திருஷ்டி கழிக்கச் சொன்னார்கள். மேடம் மூன்று கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்தார். கடிப்பதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு என்ன நடந்தது. “கோபப்பட்டான், அடம்பிடித்தான் என்று எழுதாதீங்கம்மா, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்க” என்றார். தாள்கள் சேரச் சேர எங்களுக்கே விளங்கிவிட்டது. எழுத்து நோட்டை எடுத்தால் கடிக்கிறான். கடித்ததும் வீடே பதறி நோட்டை மூடிவிடுகிறது. பேச்சு வராத பிள்ளைக்கு ‘எனக்குப் போதும்’ என்று சொல்ல வேறு வழி இருக்கவில்லை.

மேடம் அவனுக்கு அந்த வழியைக் கொடுத்தார். ‘போதும்’ என்று படம் போட்ட சிறிய அட்டை. அவன் அதை நீட்டினால், ஒரு எழுத்துகூட எழுதாவிட்டாலும் நோட்டை மூடிவிட வேண்டும். என் மாமியாருக்கு இது பொறுக்கவே இல்லை: “இப்படி விட்டா எப்பதான் படிப்பான்?” நீட்டினால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை அவனுக்கு ஊன்றிய பிறகுதான், ‘இந்த ஒரு வரி, அப்புறம் போதும்’ என்று மெல்ல மெல்லக் கூட்டினார்கள். எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1985-லேயே இந்த முறையை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அதை எங்கள் வீட்டு மேஜை வரை கொண்டுவந்தவர் மேடம். கன்றிய இடம் இப்போது ஆறிவிட்டது.

தினமும் அவனோடு தரையில் உட்கார்ந்த தெரபிஸ்ட் தங்கைக்கு எப்படி நன்றி சொல்ல? சட்டை போடப் பழக்கும்போது எல்லாப் பட்டனையும் தானே மாட்டி, கடைசிப் பட்டனை மட்டும் அவனுக்கு விட்டுவைப்பாள். முடித்தவன் அவன்! பிறகு கடைசி இரண்டு, அப்புறம் மூன்று. அவன் முகத்தில் தோற்றுப்போன களை ஒரு நாளும் வந்ததில்லை.

உறவினர் ஒருவர், கையை உதறுவதையும் நிறுத்திவிடுங்களேன் என்று கேட்டார். “சந்தோஷத்தில் உதறுகிறான், யாருக்கும் இடைஞ்சல் இல்லை, அது அவனுடையது” என்று மேடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அதற்காக அவருக்கு இன்னொரு நன்றி. 1960-களில் கலிஃபோர்னியாவில் இவார் லோவாஸ் என்ற உளவியலாளர் ஆட்டிசக் குழந்தைகளுக்கான இந்தப் பயிற்சித் துறையில் வேலை தொடங்கியபோது குழந்தைகளை அறைவதும் மின்னதிர்ச்சி கொடுப்பதும்கூட நடந்தது. கண்ணைப் பார்க்க வைப்பது, உதறும் கையை அடக்குவது போன்ற பயிற்சிகள் எவ்வளவு வலித்தன என்று வளர்ந்தபின் எழுதியும் பேசியும் வரும் ஆட்டிசக்காரர்களால்தான் நல்ல தெரபிஸ்டுகள் மாறினார்கள். அவர்களுக்கும் இந்தத் தாயின் நன்றி.

என்னிடம் விசாரிக்கும் பெற்றோருக்கும் ஒன்று. பிஹேவியர் அனலிஸ்டுகளுக்கான பிசிபிஏ (BCBA) என்ற அமெரிக்கச் சான்றிதழுக்கு முதுகலைப் படிப்பு, மேற்பார்வையில் பயிற்சி, தேர்வு எல்லாம் உண்டு. ஆனால் 2023 முதல் இந்தியாவில் இருப்பவர்கள் புதிதாக அதற்கு விண்ணப்பிக்க முடியாது. அதனால் வாசலில் மாட்டிய பெயர்ப்பலகையை மட்டும் பார்க்காதீர்கள். யார் மேற்பார்வை செய்கிறார், நான் உள்ளே உட்காரலாமா, என் பிள்ளையின் பதிவுகளைக் காட்டுவீர்களா என்று கேளுங்கள். எங்களுக்கு ஒரு நாளும் கதவு சாத்தப்பட்டதில்லை.

வகுப்பிலும் அந்த அட்டையை மதித்த டீச்சருக்கு நன்றி. இப்போது மூன்று கட்டத் தாளை என்னைவிட ஒழுங்காக எழுதும் என் மாமியாருக்கு நன்றி.

அடுத்து முடிவெட்டுவது. சலூன் அண்ணன் செவ்வாய்க்கிழமை கடை லீவு என்றாலும் எங்களுக்காகப் பாதி ஷட்டரைத் திறந்து வைக்கிறார். இப்போதைக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து வருகிறோம், மெஷினை எடுப்பதில்லை. எப்போது எடுக்கலாம் என்று அவசரப்படுத்தாத அவருக்கும் என் நன்றி.