குளிரில் ரோமம் இழந்த சினை ஆடுகள்

கோர், சவுத்லாண்ட், நியூசிலாந்து
ஜூலை

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் கிடைத்தது. அக்கா மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே.

சினை ஆட்டுக்குக் கடுங்குளிரில் ரோமம் வெட்டுவது பாவமில்லையா என்று கேட்டிருந்தாய். இந்த வாரம் பண்ணையில் அந்த வேலைதான் நடக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கே ஏப்ரலில் கிடா விட்டு, செப்டம்பரில் குட்டி எடுக்கிறார்கள். ஜூலையில் வெட்டும்போது ஆடு பாதிச் சினையில், அதாவது 70 முதல் 100 நாளுக்குள் இருக்கும். தெற்கிலிருந்து காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கிற மாதம் இது.

நேற்றுக் காலை கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் வெட்டாத ஆடுகள், அந்தப் பக்கம் வெட்டியவை. வெட்டாததன் முதுகில் உறைபனி அப்படியே வெள்ளையாகக் கிடந்தது. உடம்புச் சூடு 39 டிகிரி. அதில் மிகக் கொஞ்சம்தான் ரோமத்தைத் தாண்டி வெளியே வருகிறது. வெட்டியவற்றின் முதுகிலிருந்து லேசாக ஆவி பறந்தது. அவை முதுகைக் கூனிக்கொண்டு, காற்றுக்குப் பின்புறம் காட்டி, மரவேலி ஓரமாக ஒன்றையொன்று ஒட்டி நின்றன.

முழு ரோமம் உள்ள ஆட்டுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் பெரிய கஷ்டமில்லை. வெட்டிய புதிதிலோ, காற்றில்லாத இடத்தில்கூட வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே உடம்பு கூடுதல் சூடு உண்டாக்கியாக வேண்டும். முதலில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், பிறகு நடுக்கம் வரும். கொழுப்பு கரையத் தொடங்கும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும். பசியும் கூடும். தின்ற தீவனம் ஆட்டு வயிற்றின் நான்கு அறைகளில் பெரியதான முதல் வயிற்றில் புளிக்கும்போது வரும் சூடு வேறு. அசை போடுகிற ஆடு தனக்குள்ளேயே ஒரு அடுப்பை வைத்துக்கொண்டிருக்கிறது.

தாயின் ரத்தத்தில் ஏறும் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்கும் போகிறது. இங்குள்ள மாசி பல்கலைக்கழகத்தார் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். பாதிச் சினையில் வெட்டினால் குட்டி கனமாகப் பிறக்கலாம். இரட்டைக் குட்டிகளுக்கு இது பெரிய விஷயம், எடை குறைந்த குட்டிதானே முதல் ராத்திரிக் குளிரில் போய்விடுகிறது. ஆனால் எல்லா மந்தையிலும் இந்தப் பலன் கிடைப்பதில்லை. தாயின் உடம்பில் சதைப்பற்று இருக்க வேண்டும், தீவனமும் தாராளமாக வேண்டும்.

எடையை விடவும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ரோமம் மூடிய தாய்க்குக் காற்று உறைக்காது. திறந்த மேட்டிலேயே ஈன்றுவிடும், ஈரக்குட்டி விறைத்துப்போகும். ரோமம் குறைவாக உள்ள தாய் தனக்கே குளிர்வதால் ஈனும் நேரத்தில் மறைவு தேடிப் போக வாய்ப்பு அதிகம். அப்படிப் போனால் குட்டியும் அந்த மறைவிலேயே பிறக்கும்.

அதனால் இது பாவமா இல்லையா என்பது வெட்டிய பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. சாதாரணச் சீப்பை இயந்திரத்தில் மாட்டினால் சில மில்லிமீட்டர்தான் மிஞ்சும். குளிர்காலத்துக்கென்று கொஞ்சம் ரோமத்தை விட்டுவைக்கும் சீப்பு இருக்கிறது, அதைத்தான் மாட்ட வேண்டும். மெக்கன்சி மேட்டு நிலத்தில் மெரினோ என்ற மென்ரோம ஆட்டினத்தை வளர்ப்பவர்களில் சிலர் இன்னமும் கைக்கத்தரியால்தான் வெட்டுகிறார்கள், அதில் இன்னும் கூடுதலாக மிஞ்சும். வெட்டுவதற்கு முன் வயிற்றைக் காயப்போடும் நேரத்தையும் சினை ஆட்டுக்கு நீட்டக் கூடாது. வெட்டி முடித்ததும் மறைவான வயலில் விட்டு, ஸ்வீடு என்ற டர்னிப் வகைக் கிழங்கோடு உலர்புல்லும் கொடுக்கிறோம். முதல் சில நாட்களுக்கு வானிலை அறிக்கையைப் பார்த்தபடியே இருக்கிறோம். வறண்ட குளிரை ஆடு தாங்கிவிடும். நனைந்த தோலில் காற்று அடித்தால்தான் ஆபத்து.

கடைசி மாதத்தில் வெட்டுவதை நான் மனதார எதிர்க்கிறேன். கருப்பை முதல் வயிற்றை நெருக்கும் நேரம் அது. ஆட்டால் அதிகம் தின்ன முடியாது. அந்த நேரத்தில் குளிரும் சேர்ந்தால் உடம்புக் கொழுப்பு அதிகமாகக் கரைந்து, அதிலிருந்து வரும் கீட்டோன் என்ற பொருள் ரத்தத்தில் ஏறி ஆடு படுத்துவிடும். நாம் கல்லூரியில் பார்த்த அதே சினை நோய்தான்.

கொடைக்கானல் பக்கத்து மந்தைகளுக்கும் இது உதவுமா என்று கேட்டிருந்தாய். மேய்ச்சலை மட்டும் நம்பியிருக்கும் மந்தைக்கு வேண்டாம் என்பேன். அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில் கூடவே கூடாது. கொட்டகையும் அடர்தீவனமும் கையில் உள்ளவர்கள் யோசிக்கலாம். மன்னவனூர் ஆடு ஆராய்ச்சி மையத்தில் பாரத் மெரினோ இன ஆடுகளை வைத்திருக்கிறார்களே, அங்கே எந்த மாதம் வெட்டுகிறார்கள், சினை ஆட்டுக்குத் தனியாக என்ன செய்கிறார்கள் என்று நேரில் போய்க் கேட்டு எழுது. ஈற்று முடிந்ததும் குட்டிகளின் எடையை உனக்கு அனுப்புகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
பாலு